ஆறு கிடந்த பக்கம்

பெரிய ஆறுகள் விட்டுப்போன தடங்களைச் செயற்கைக்கோள் படங்களில் தேடுவதுதான் என் தொழில். மகாவலியில் பழகிவிட்டு எங்கள் கல்லோயாவுக்கு வந்தேன். அணை கட்டுவதற்கு முன் அந்த ஆறு நினைத்த பக்கமெல்லாம் புரண்டிருக்கிறது. இன்று வயலாகிப்போன பழைய வளைவுகள் கோடைப் படத்தில் கொஞ்சம் கறுத்துத் தெரியும். ஈரம் அங்கேதான் கடைசியாகக் காயும்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். கடற்கரைப் பக்கம் வெறுங்காணி இல்லாததால் வயலை நிரப்பிக் கட்டுவார்கள். வாப்பா மௌத்தாகிப் போனபின் எங்களுக்கென்று இருந்தது வயலோரத்தில் ஒரு துண்டு. அதில் பாதி எனக்கு, பாதி என் மூத்தவர் காக்காவுக்கு. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அந்தக் காணியை மடிக்கணினியில் காட்டினேன். காக்கா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் புள்ள நல்லம்?"

"வடக்கால ஆத்தங்கரையா இருந்த மேடு, காக்கா. தெக்கால ஆறே கிடந்திருக்கு. எவ்வளவு கிறவல் மண் போட்டு நிரப்பினாலும் தண்ணி அங்கதான் வரும்."

"கட்டப் போறது உன்ட ஊடுதானே. நான் பாத்துக்கிறன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். என் கல்யாணத்துக்கு வந்து பார்த்தால் என் வீடு தெற்கில் நின்றது. கேட்டேன். "மேசன்மார் தோண்டிப் பாத்தாங்க, புள்ள. ரெண்டு பக்கமும் ஒரே மண்தான். உன்ட படம் பிழை" என்றார். உலகத்துக்கே ஆறு காட்டுகிறவள், கூடப்பிறந்தவரின் வாயை நம்பினேன்.

இந்த மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. மேகத்துக்குள்ளாலும் நிலத்தைக் காட்டும் ரேடார் படத்தை இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக, பழைய வளைவு மாறாமல் என் வீட்டைச் சுற்றிக் கிடந்தது. காக்கா மகளுக்குக் கட்டிய வீடு மேட்டில் காய்ந்து நின்றது.

உம்மா என்னோடுதான் இருக்கிறார். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"காக்கா மண் தோண்டிப் பாத்தவரா, உம்மா?"

"தோண்டல்ல" என்றார் உம்மா. "நீ காட்டின படத்த வெச்சித்தான் பங்கு பிரிச்சான். அவனும் பொம்புளப் புள்ள பெத்தவன். நீ படிச்ச புள்ள, எப்படியும் சமாளிப்பாய் எண்டு நான்தான் ஓம் எண்டன்."

"நானும் நீங்க பெத்த பொம்புளப் புள்ளதானே?"

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். காக்காவை நான் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன்.