ஆட்சேபனைப் பக்கத்துக்குக் காவல்

அரசாங்க இணையதளத்தைப் பராமரிக்கிறவன், தளம் ஓடுகிறவரை யார் கண்ணிலும் படமாட்டான். நின்றுபோனால் அவன் ஒருவன்தான் எல்லோர் கண்ணிலும் படுவான். இதே வேலையில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் விருத்தாசலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியனாக இருந்தேன். கம்மாபுரம் பக்கம் ஒரு திட்டத்துக்கு நிலம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபனை இருந்தால் ஒரு மாதத்துக்குள் இணையத்தில் எழுத வேண்டும், காகிதத்தில் வாங்கமாட்டோம் என்றார்கள். சர்வர் சென்னையில். அதைக் கட்டிக் காக்கும் பொறுப்பு என் தலையில்.

கருத்து மழை

முதல் வாரமே பக்கத்தில் கருத்துகள் கொட்டின. திறந்து பார்த்தால் எல்லாம் ஆங்கிலத்தில் மாத்திரை விளம்பரம், லாட்டரிப் பரிசு. எங்கிருந்தோ ஏதோ இயந்திரம் அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் நம் ஜனங்கள் எழுதியதைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

எங்கள் அதிகாரியிடம் ஓடினேன். அவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லையே, ஜனங்க நல்லா ஆர்வமாத்தான் இருக்காங்க."

ஒரே மாதிரி வாசகம்

அடுத்து நடந்தது நேரடித் தாக்குதல். ஏதோ இயந்திரங்கள் ஒரே நேரத்தில் மூச்சுவிடாமல் பக்கத்தைக் கேட்டு வந்து மோதியதில் தளம் திணறியது. எந்தெந்த இணைய முகவரியிலிருந்து அதிகம் வருகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக அடைத்தேன். அதில் ஒன்று உள்ளூர் முகவரி. அங்கிருந்து வந்த ஆட்சேபனை எல்லாம் ஒரே வாசகம். பெயர் மட்டும் வேறு. யாரோ இங்கிருந்தே விளையாடுகிறார்கள் என்று அதையும் அடைத்தேன். தளம் வேகம் பிடித்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் ரீத்தா என்ற பெண் வந்தாள். செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள். கம்மாபுரத்துக்காரர்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து அவள் கடையில் வரிசையில் உட்கார, அவள்தான் எல்லோருக்கும் டைப் அடித்திருக்கிறாள். நேற்றிலிருந்து ஒன்றும் போகவில்லையாம். ஒரே வாசகமாக இருந்ததால் அடைத்துவிட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. "எல்லாருக்கும் போவப்போறது நெலந்தான சார், ஆளுக்கொரு மாதிரி நான் எப்பிடி எழுதறது?"

கோணல் எழுத்து

அவளுக்கு வழி திறந்துவிட்டேன். இயந்திரங்களைத் தடுக்க வேறு யுக்தி செய்தேன். ஆட்சேபனை எழுதுகிறவர், படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அடித்தால்தான் உள்ளே போகும். விளம்பரங்கள் அன்றே நின்றன. ஆட்சேபனைகளும் கிட்டத்தட்ட நின்றன.

சந்தேகம் வந்து ரீத்தாவின் கடைக்குப் போனேன். லூர்துசாமி என்ற விவசாயி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தன் நிலத்துக்குத் தானே எழுதுவேன் என்று, ஒற்றை விரலால் தமிழில் முழுதும் அடித்து முடித்திருந்தார். கடைசியில் இருந்த அந்த எழுத்துகளில்தான் சிக்கிக்கொண்டார். இது எதற்கு என்று கேட்டார். எழுதுகிறது மனிதன்தான், மெஷின் இல்லை என்று தெரிந்துகொள்ள என்றேன். விரலால் திரையைத் தட்டிக் காட்டினார். "எட்டு தடவ எழுதிட்டேன் தம்பி. நான் மனுசன்னு அது ஒத்துக்கவே மாட்டேங்குது."

கடைசி நாள்

ரீத்தாவின் கடையிலிருந்து வந்த இரவே கோணல் எழுத்தை எடுத்துவிட்டேன்; மறுநாள் கெடு முடிகிறது. அன்று காலையிலிருந்தே தாக்குதல் உக்கிரமாக இருந்தது. தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். பக்கம் திறக்கவே இல்லை. லூர்துசாமியும் ஊர்க்காரர்களும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். வெள்ளைத்தாளில் எழுதித் தரச் சொன்னேன். அவற்றை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போய், இதையாவது வாங்குங்கள், இல்லை இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள் என்றேன்.

அவகாசம் கேட்டால் தளம் நின்றது என்று மேலே சொல்ல வேண்டிவரும், அதற்கு யார் பதில் சொல்வது என்றார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். தளம் தடையின்றி இயங்கியது என்று ஒரு அறிக்கை தயாராக இருந்தது. அதை என் பக்கம் நகர்த்தினார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து, வாங்கமாட்டார்களாம் என்று மட்டும் சொன்னேன். கையெழுத்து விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை. லூர்துசாமி தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டார். "பொட்டி வேல செய்யலன்னா நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? போயிட்டு வரேன்."

அடுத்த வருடம் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தாக்கியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தளம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பதற்கு அரசாங்கத்திடம் இருக்கிற ஒரே சாட்சி நான்தான்.