உயரமானவனுக்குப் பதிலாக நான்

இரண்டாயிரங்களின் நடுவில் நான் கனடாவில், மாண்ட்ரியாலை ஒட்டிய லொங்குய்யில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மாண்ட்ரியால் தமிழர்கள் சிலர் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் கூடைப்பந்து ஆடுவார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். பாதிப் பேருக்குத் தொப்பை. எம்பினால் யாருடைய விரலும் வளையத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. நிர்வாகம் மட்டும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கைப் போல நடக்கும். ஒவ்வோர் அணித் தலைவரும் தன் ஆட்களோடு ஒப்பந்தம் போடுவார். செப்டம்பரில் புதிதாக வருகிறவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்; அதற்கு டிராஃப்ட் என்று பெயர். தன் ஆளையோ முறையையோ இன்னொரு தலைவருக்குக் கொடுத்தும் ஆள் வாங்கலாம்; அது டிரேட்.

எங்கள் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், புரோசார்டில் சொந்த வீடு. தொலைக்காட்சியில் அந்த அமெரிக்க அணிகள் யாரை யாருக்கு மாற்றினாலும், "ஏமாந்திட்டாங்கள்" என்று தலையை ஆட்டுவார். அவரால் கோர்ட்டை ஒருமுறை ஓடிக் கடந்தால் அடுத்த ஐந்து நிமிடம் பேச முடியாது.

ஒரு பிப்ரவரி ஞாயிறு மதியம் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் சாப்பாடு. எங்கள் லீக்கின் இன்னோர் அணியான பியர்பொன்ட்ஸின் தலைவரும் வந்திருந்தார். அவரிடம் ஓர் உயரமான கல்லூரி மாணவன் இருந்தான். எங்கள் தலைவருக்கு அவன்மீது கண். நான் சோபாவில் தட்டை ஏந்திக்கொண்டு ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இவர் பாஸ் நல்லாப் போடுவார்," என்று என்னைக் காட்டினார் எங்கள் தலைவர்.

"முப்பது தாண்டிட்டுது போல. முழங்கால் எப்பிடி?"

"இப்போதைக்குப் பிரச்சினையில்லை."

"வொர்க் பெர்மிட்?"

"வாற வருசம் முடியுது. புதுப்பிக்காட்டி இந்தியாவுக்குப் போயிடுவார். அது உங்களுக்கு நல்லதுதானே, இடம் காலியாகும், வேற ஆளை எடுக்கலாம்."

அந்த பெர்மிட்டை நினைத்து நானும் மனைவியும் எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறோம். இங்கே அது எனக்கு விலை ஏற்றுகிற சமாச்சாரம்.

"நான் இங்கதாண்ணா உட்கார்ந்திருக்கேன்," என்றேன்.

"கோவிக்காதையும் தம்பி. இது பிசினஸ்."

கறிச்சட்டியோடு இறங்கி வந்த அவர் மனைவி, "அந்தப் பிள்ளையைச் சாப்பிட விடுங்கோவன்," என்றார். இருவர் காதிலும் விழவில்லை. நானும் வருகிற செப்டம்பர் டிராஃப்டில் எங்கள் முதல் முறையும் சேர்ந்து அந்த உயரமானவனுக்கு ஈடு என்று முடிவானது. நாடுகளைப் பங்குபோட்டவர்களைப் போலக் கை குலுக்கிக்கொண்டார்கள்.

எங்கள் அணிக்கு வந்த உயரமானவனுக்குப் பந்தைப் பிடிக்கவே வரவில்லை. கொஞ்ச நாள் வளையத்தின் கீழ் நின்று பார்த்தான், பிறகு பரீட்சை என்று வராமலே போய்விட்டான். "அவன்ர பெறுமதி இனித்தான் ஏறும்," என்றாராம் எங்கள் தலைவர்.

நான் பியர்பொன்ட்ஸ் பக்கமே போகவில்லை. அவர்களுடைய பயிற்சி ஊரின் அந்தக் கோடியில், வேலைநாள் மாலைகளில். எங்கள் தலைவர் போன் செய்தார்.

"நீர் ஏன் அங்க போகேல்லை? டிரேட் செல்லாதெண்டு அவர் சண்டைக்கு வாறார்."

"என்கிட்ட கார் இல்லண்ணா. ரெண்டு பஸ் மாறிப் போக முடியாது."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேட்கவே இல்லையே. ரெண்டு பேரும் முழங்காலைப் பத்தித்தானே பேசினீங்க."

"அப்ப திரும்ப எங்கட பக்கம் வாரும். நான் கதைச்சு எடுக்கிறன்."

"வேணாம்ணா," என்று போனை வைத்துவிட்டேன்.

செல்லாத வியாபாரத்துக்காக இரண்டு தலைவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். கோடைக்குள் லீக் கலைந்தது. நான் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஆட ஆரம்பித்தேன். அங்கே முதலில் வருகிற பத்துப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் காத்திருப்பார்கள். யாரும் என் வயதைக் கேட்கவில்லை.