ஒரு மூடை யூரியா

நெற்பயிர் எவ்வளவு சத்து எடுக்கும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்தான் என் ப்ராஜெக்ட். ராஜபாளையத்திலிருந்து பைக்கில் மகாராஜபுரம் போய் விவரம் எடுப்பேன். எல்லா வயலும் மாடலுக்குள் அடங்கியது, ஒருவருடையதைத் தவிர. அவர் போட்டதாகச் சொன்னது ஒரு மூடை யூரியா. பயிர் எடுத்திருந்ததோ கிட்டத்தட்ட இரண்டு மூடைச் சத்து. நானே இட்டுக்கட்டி எழுதியதாகக் கைடு சந்தேகப்பட்டார். ப்ராஜெக்ட்டே போய்விடும் நிலை.

மில் காக்கிச் சட்டையோடு வயலுக்கு வரும் ஒல்லியான ஆள் அவர். நான் எதை எழுதினாலும் உடனே வாசித்துக் காட்டச் சொல்வார்.

"அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. எம்புட்டு போட்டிய?"

"ஒரு மூடைதான். கடைச் சீட்டக் காட்டவா?"

"பொறவு எப்படி இம்புட்டு பச்சை?"

என் நோட்டைக் கைகாட்டினார். "அத மூடும் தம்பி. மேல வயக்காரன் யூரியா வீசுன மறுநாளு, நான் மடையத் தொறந்து தண்ணி வாங்குவேன். தண்ணியில எனக்குப் பாத்தியதை இருக்கு. அதுல என்ன கரைஞ்சு வருதுன்னு நான் ஏன் கேக்கணும்?"

தண்ணீரில் கரைந்து வந்த யூரியாவையும் கணக்கில் சேர்த்தேன். மாடல் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுவாரம், அதுவரை நான் விவரம் எடுக்காத மேல் வயல்காரரிடம் போனேன். "எம்புட்டு போட்டாலும் பயிர் வெளுக்கு தம்பி. உரக்கடைக்காரன் கலப்படம் பண்ணுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாய ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன்" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கீழ் வயலில் காக்கிச் சட்டைக்காரர் களை பறிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பில்லையும் சேத்து வைங்க" என்றுதான் சொன்னேன்.

கீழ் வயல்காரர் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அது சலாமா, வேர்வை துடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.