கண்ணாடிக்கு வெளியே ஆட்டிய தலை

ஜூல்மிரா பஷேக்கு என்ற பெண் ஒன்பது மாதம் மின்சாரம் விற்றாள். கம்பியும் கிடையாது, மின்கம்பமும் கிடையாது. கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் ஒரு பேனா, வாயில் போர்த்துகீசியம், அவ்வளவுதான் முதலீடு. மின்சாரத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கதவைத் திறந்துவிட்டதும், கம்பெனிகள் தேடிப்போய்த் தட்டியது ஆங்கிலம் தெரியாத வீடுகளின் கதவை. உள்ளே நுழைய அவர்களுக்கு அந்த வீட்டு ஆள் மாதிரி ஒருத்தி வேண்டியிருந்தது.

அதற்கு முன் பதினாறு வருடம் அவள் துறைமுகத்து மீன் ஆலையில் சிப்பிக்கறியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கினாள். வலது தோள் தூக்க முடியாமல் போனபோது ஆலைக்காரர்கள் ஒரு கேக் வெட்டி வழியனுப்பினார்கள். இந்த வேலையில் எதையும் தூக்க வேண்டாம் என்றார்கள், சேர்ந்துவிட்டாள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. சேர்ந்த பிறகு அதில் கெட்டிக்காரியாகிப்போனாளே, அதுதான் உறுத்தல்.

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், வாசிக்கத் தெரிந்த எவரிடமாவது நீட்டுவதுதான் அந்தத் தெருக்களின் வழக்கம். போர்த்துகல்லின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். பாதிரியார், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டு மருமகள், யார் அகப்பட்டாலும் சரி. அதனால் ஜூல்மிரா, “கரண்டு பில்லைக் காட்டுங்கம்மா, சரியாப் போட்டிருக்கானான்னு பாத்துச் சொல்றேன்” என்று கேட்டால், கேட்ட வாய் மூடுமுன் பில் மேசைக்கு வந்துவிடும். பில்லில் இருக்கும் கணக்கு எண்தான் அவளுக்குத் தேவை, அது கிடைத்தால் இணைப்பைத் தன் கம்பெனிக்கு மாற்றிவிடலாம்.

டோனா எர்மெலிண்டா என்ற கிழவி பில்லோடு ஒரு கிண்ணம் கீரை சூப்பும் வைத்தாள். தேவாலயத் திருவிழாவுக்கு இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைகிற பெண் வீடு தேடி வந்திருக்கிறாள், சும்மா அனுப்புவதா? “கம்பெனியை மாத்திக்குங்கம்மா, உங்களுக்கு நல்லதுன்னுதான் சொல்றேன்” என்று சொல்லிக்கொண்டே ஜூல்மிரா இரண்டாவது கிண்ணமும் குடித்தாள். பிறகு கம்பெனியிலிருந்து, சம்மதத்தைப் பதிவு செய்யும் போன் வந்தது. அந்த நேரத்தில் விற்பவர் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. ஜூல்மிரா விதியை மீறவில்லை. வெளியே பனியில் நின்று, சன்னல் கண்ணாடி வழியாக ஒவ்வொரு கேள்விக்கும் தலையை ஆட்டினாள். உள்ளே கிழவி அவளைப் பார்த்துப் பார்த்து, “ஆமா, ஆமா” என்றாள். ஒன்பது ஆமாம்.

முதல் வருடம் விலை மலிவு. அதற்குப் பிறகு எவ்வளவு ஏறும் என்பது எறும்பு எழுத்தில் கடைசித் தாளில் இருந்தது. அதை ஜூல்மிரா வாசித்திருந்தாள், வாசித்துச் சொல்லவில்லை. நகர சபையே ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து நியாயமான விலையில் வாங்கித் தந்துகொண்டிருந்த மின்சாரத்திலிருந்து அந்தக் கிழவியைக் கழற்றிக்கொண்டுபோய், அவள் யாரிடமோ மாட்டிவிட்டாள்.

பத்தாம் மாதம் நகர சபையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். பழைய அட்டையைக் குப்பையில் போட்டாள். இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஞாயிறு பூசையில் எர்மெலிண்டா எந்த வரிசையில் உட்கார்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் தன் இடத்தைத் தேர்ந்தெடுப்பாள்.

அந்த வசந்தத்தில் சபை உறுப்பினர் மொனிஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வீடு வீடாகப் போய் மின்சார ஒப்பந்தம் பிடிப்பதை மாநிலம் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும், அதற்கு இந்த நகரத்தின் ஆதரவு உண்டு என்று எழுதி அனுப்புவதற்கு. பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லலாம் என்றார்கள். முதல் பெயர் எர்மெலிண்டா.

கூட்டத்துக்கு முன்பு தாழ்வாரத்தில் கிழவி அவள் கையைப் பிடித்தாள்.

“நீதான் பேசப்போறியா? நல்லதாப் போச்சு. உன் பேரு என் வாயில வராது. நீ பயப்படாதே.”

ஜூல்மிராவுக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மேடையில் எர்மெலிண்டா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “வந்தவ வேத்து ஆளில்ல. நம்ம பாஷை பேசறவ, நம்ம கோயில்ல மாவு பிசையறவ. எம்மேசையில சூப்பு குடிச்சா. அதனாலதான் நம்பினேன். ரெண்டு குளிர்காலமா அடுக்களையில மட்டும் ஹீட்டர் போட்டு அங்கேயே படுத்துக்கறேன்.”

ஜூல்மிரா ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஒரு விற்பனையாளர் வந்தார். நம்பினேன். இரண்டு குளிர்காலமாக அடுக்களையில் படுக்கிறேன்.”

சபையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊர் சபையில் பாதிப் பேர் போர்த்துகீசியத்தில் தாலாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் என்பது பதற்றத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. மொனிஸ் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்.

“நான் இவ்ளோ பேசினேன், நீ ரெண்டு மூச்சுல முடிச்சிட்டியே” என்றாள் எர்மெலிண்டா. “இங்கிலீஷ் அவ்ளோ சின்ன பாஷையா?”

சிரிப்பு எழுந்தது. ஜூல்மிரா முகம் சிவக்க, விட்டதை எல்லாம் சேர்த்து மறுபடி சொன்னாள். கோயில், மாவு, சூப்பு, எல்லாம்.

“அந்தப் பொண்ணு பேரு ஞாபகம் இருக்காம்மா?” என்று கேட்டார் மொனிஸ்.

“மறந்துபோச்சு. வயசாயிடுச்சில்ல.”

இதை ஜூல்மிரா ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதோடு அவள் வேலையும் மானமும் பிழைத்துவிடும். வாய் திறந்தது, வேறு வந்தது.

“அவங்க மறக்கல. அது நான்தான்.”

பனியில் நின்று தலையாட்டியது வரை ஒன்று விடாமல் சொன்னாள். தலைவர் அவளை மொழிபெயர்ப்பாளர் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவள் வாக்குமூலத்தையும் இணைத்து அனுப்புவதாக முடிவானது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு நெஞ்சு அடைக்காமல் மூச்சு வந்தது. அந்த நிம்மதியோடுதான் தாழ்வாரத்தில் கிழவியிடம் ஓடினாள்.

எர்மெலிண்டா கையை விலக்கிக்கொண்டாள்.

“நாப்பது வருஷம் இந்த ஊர்ல இருக்கேன், என்னைப் பொய்க்காரின்னு ஒருத்தரும் சொன்னதில்ல. உனக்காக ஒண்ணு சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி அதை ஒடச்சிட்டே.”

“மனசு கேக்கலம்மா. உங்களுக்கு நல்லதுன்னுதான்...”

“அன்னிக்கும் அப்படித்தான் சொன்னே” என்றாள் எர்மெலிண்டா.