உலையும் முகமும் ஒரே படத்தில்

இரண்டு வாரத்துக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒருவரை எரியும் உலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "அசையாதீங்க!" என்று அதட்டினேன். நல்ல காரியத்துக்குத்தான்!

அவர் டில்லிபாபு. பொன்னேரியில் நான் ஏறும் மின்சார ரயிலில் தினமும் வருபவர். இரும்புக் கம்பி ஆலையில் உலையருகே வேலை. பெரியபாளையத்தில் கலைவாணி என்ற நர்சரி டீச்சரைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. ஆனால், பெண் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்.

"ஸ்டூடியோ போட்டோ வாணாமாம் சார். நான் வேலை செய்யற எடத்துல எடுத்தது வேணுமாம். அத்தப் பாத்துட்டுதான் முடிவு சொல்லுமாம். செல்போன்ல எடுத்தா நெருப்பு வெள்ளையா எரியுது, நான் கருப்பா நிக்கறேன். ஒரே பேஜாரு!"

புது டிஜிட்டல் கேமரா வாங்கியவன் சும்மா இருப்பானா? எச்.டி.ஆர். என்ற வித்தையை இன்டர்நெட்டில் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே காட்சியை வெளிச்சம் குறைத்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்க வேண்டும். குறைத்ததில் நெருப்பு சரியாக விழும். கூட்டியதில் இருட்டிலிருக்கும் முகம் விழும்.

சூப்பர்வைசர் பஷீர் பாய், பழவேற்காட்டுக்காரர், முதலாளியிடம் அனுமதி வாங்கி டீ நேரத்தில் கால் மணி கொடுத்தார்.

ட்ரைபாடை ஊன்றினேன். ஐ.எஸ்.ஓ. நூறு. லென்ஸ் துவாரமான அப்பர்ச்சர் எட்டு — அது மாறக் கூடாது, ஷட்டர் வேகம் மட்டும்தான் மாறணும். மூன்று படத்தையும் வெளிச்சம் மாற்றித் தானே எடுக்கும் பிராக்கெட்டிங்கில் இரண்டு ஸ்டாப் இடைவெளி. போகஸை மேனுவலில் பூட்டினேன். கை பட்டால் ஆடுமே, அதனால் டைமர். கிளிக்... கிளிக்... கிளி...க்.

கேமரா திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால், பாபுவின் தலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில்!

"இத்த ஒண்ணா சேத்தா எனக்கு மூணு தலையா சார்?"

"தூண்ல சாஞ்சிக்க. மூச்சப் புடி. கண்ணு கொட்டாத!" என்றார் பஷீர் பாய். நாலாவது முயற்சியில் தேறியது.

மறுநாள் காலை, ஸ்டேஷன் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பழுத்த இரும்பு ஆரஞ்சு நிறத்தில். பக்கத்திலேயே பாபுவின் முகம், வியர்வை, கன்னத்துக் கரி... எல்லாம் துல்லியம். சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

இடது கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயத் தழும்பு. பெண் பார்க்கப் போன அன்று முழுக்கைச் சட்டையாம்.

"சொல்லலையா அவங்ககிட்ட?"

"வாய் வரல சார்."

"அழிச்சிடலாம். அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ரயில் வந்தது. அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. ரயில் போன பிறகு சொன்னார்: "வாணாம் சார். நான் எப்படிக்கீறேன்னுதான அது கேட்டுது? அப்டியே குடுங்க."

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவருடைய அக்கா அன்று மாலையே பெரியபாளையம் கொண்டு போனார்.

மூன்று நாள் பதிலே இல்லை. ரயிலில் பாபு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். இருட்டில் இருப்பதை வெளியே கொண்டுவருவது கேமராவுக்குச் சுலபம். அதற்கப்புறம் காத்திருப்பது யார்? மனிதன்தானே!

நாலாம் நாள் பிளாட்பாரத்தில் ஓடி வந்தார். "சார், போன் பண்ணிச்சு சார்!"

"என்ன சொன்னாங்க?"

"திட்டுச்சு! நெருப்பாண்ட அரைக்கை சட்டை போட்டுக்கினு இன்னா வேலை செய்யறன்னு. கல்யாணத்துக்குள்ள இன்னொரு காயம் பட்டா பேசவே மாட்டேன்னுச்சு!"

அதாவது... கல்யாணம் உண்டு!

அன்று மதியம் பஷீர் பாய் எனக்கு போன் செய்தார். "நாலு வருஷமா நான் கத்தறேன், காதுல போட்டுக்கல. அந்தப் பொண்ணு ஒரே போன்ல முடிச்சிட்சு. இன்னிக்கு மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கினு வந்து நிக்கறான் சார்!"

சேஃப்டி ஆபீசர் தேடும் ஆலைகள் பெரியபாளையத்தில் விசாரிக்கலாம்.