கேமராவுக்கு வைத்த பொட்டு

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்தகப் பொறுப்பில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து அங்கே ஒரு கம்ப்யூட்டரும் அதன் தலையில் ஒரு சின்னக் கேமராவும் வந்து சேர்ந்தன. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால், பதுளையில் இருக்கும் டாக்டர் இதன் வழியே நோயாளியைப் பார்ப்பாராம். கொண்டுவந்தவர்கள் ஒரு நாள் பயிற்சி தந்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆயுதபூசை வந்தது. தராசு, கத்தரிக்கோல், ஊசி அவிக்கும் பாத்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். புதுச் சாமானை மட்டும் விடலாமா? அதற்கும் வைத்து, தூசு படாமல் துணியால் மூடினோம்.

அடுத்த மாதமே மழை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து, ஆறு வயதுப் பிள்ளையொன்றின் கால் கற்களுக்குள் மாட்டிக்கொண்டது. தோண்டியெடுத்து என்னிடம் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. பாதையும் அடைபட்டுவிட்டது. மண்ணை வெட்டி அகற்றும்வரை பிள்ளையை வைத்திருப்பதா, சரிவைத் தாண்டி இப்போதே தூக்கிப்போவதா? போனால் தூக்குகிறவர்கள் உயிருக்கும் உத்தரவாதமில்லை. டாக்டர்தான் சொல்லவேண்டும்.

அதிசயமாகக் கரண்ட் இருந்தது. லைனும் கிடைத்தது. பதுளையில் பேசியவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா.

"ஒண்டும் தெரியேல்லை. முழுக்கச் சிவப்பாக் கிடக்கு."

கேமராவின் கண்ணிலேயே பொட்டு. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் இடுக்கில் இறங்கி இன்னும் மங்கலாயிற்று. எந்த மடச்சாம்பிராணி வைத்த வேலை இது என்று கத்தினேன். மருந்தகம் கூட்டும் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதாங்க வச்சீங்க" என்றார்.

டாக்டரம்மா படத்தை மறந்துவிடச் சொன்னார். கால்விரல் நகத்தை அமத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். அமத்தினேன். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. பாதம் சில்லிட்டிருந்தது.

"காலுக்கு ரத்தம் போகேல்லை. வச்சிருக்காதேங்கோ. இப்பவே அனுப்புங்கோ."

கம்பளியில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிப்போனார்கள். போனவர்களும் தப்பினார்கள், காலும் தப்பியது. ஒரு சாதாரண டெலிபோன் செய்திருக்கும் வேலை.

கேமராவை மாற்றித் தரச்சொல்லி எத்தனையோ கடிதம் எழுதினேன். பதிலே இல்லை. அடுத்த ஆயுதபூசையன்று கேமராப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளையின் தாய் குங்குமத் தட்டோடு வந்து நின்றாள். பிள்ளையும் பக்கத்தில், இரண்டு காலில்.

"இந்தக் கண்ணுதானேங்க எம்புள்ள காலப் பாத்துச்சு. ஒரு பொட்டு வச்சுக்கிறேங்க."

அது ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பொட்டு வைக்கத் தட்டை நானே பிடித்துக்கொண்டேன். மழை தொடங்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.