பதினோரு அடிப் படகு

கதவுக்கென்று வாங்கி வைத்திருந்த தேக்குப் பலகையில் நான் படகு செய்தேன். அரியலூரில் எங்கள் புது வீட்டுக்கு நிலை நிறுத்தி, ஓடும் வேய்ந்தாயிற்று. கதவு மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் திருச்சியில் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கையில் சிக்கியது. நடுப்பக்கத்தில் மோட்டார் படகு. ஒவ்வொரு பலகைக்கும் அளவு போட்ட படம். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, அந்தச் சமயம். நான் ஆபீஸ் குமாஸ்தா. அதுவரை பரிசலில் ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

என் மனைவியின் அம்மா வீடு கொள்ளிடத்துக்கு அக்கரையில், ஏலாக்குறிச்சிக்கு எதிரே. பஸ்ஸில் போனால் திருமானூர் பாலத்தைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி, பாதி நாள் போய்விடும். பலகையைக் கொடுக்க அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஆற்றில் தண்ணீர் வந்ததும் அந்தப் படகில் அவளை அம்மா வீட்டில் இறக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் படகைப் பிரித்துக் கதவு. அதுவரை வாசலில் சாக்குதான் தொங்கும். வருகிறவர்கள் எதைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஏழு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் வேலை நடந்தது. எங்கள் ஆசாரி கதவு, ஜன்னல், மாட்டு வண்டி மட்டும் செய்தவர். ஆள் ஈர்க்குச்சி, வாய் மட்டும் உலக்கை. படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கவுத்துப் போட்ட தொட்டி, அவ்வளவுதானே சார்" என்றார். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினோம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இன்ஜின் ஒன்றைப் பின்பக்கம் பொருத்தினோம். தண்ணீரைத் தள்ளும் விசிறியைப் பெரம்பலூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பட்டறைக்காரர் அதுவரை நெல் தூற்றுகிற விசிறிதான் செய்தவராம். காற்று எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மூன்று தரம் கேட்டார்.

ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. டிராக்டரில் படகை ஏற்றிக்கொண்டு போய் ஏலாக்குறிச்சிக் கரையில் இறக்கினோம். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் நின்றது. நான் பின்னால் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைச் சுண்டினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி படகின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. பின்பக்கம் அமிழ்ந்து தண்ணீர் மடிக்கு வந்தது. பெற்ற தாயிலிருந்து பழைய மேலதிகாரி வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு குதித்தேன். "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று நாலு தரமாவது கத்தியிருப்பேன். பிறகுதான் கவனித்தேன், தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை.

கரையேறியதும் டேப் வைத்து அளந்தேன். படத்தில் பன்னிரண்டு அடி. படகு பதினொன்று.

ஆசாரி கொஞ்சமும் அசரவில்லை.

"பன்னெண்டு ஆகாது சார். மனையடியில பன்னெண்டுன்னா செல்வம் அழியும். பதினொண்ணு பால் சோறு. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்னுதான் முன்னால ஒரு அடி குறைச்சேன்."

"வீட்டுக்குத்தானய்யா மனையடி? இது ஆத்துல போறது."

"உள்ள உக்காரப்போறது குடும்பந்தானே?"

மூக்கை அமுக்க அவரையே முன்னால் உட்கார வைத்தோம். படகுக்கு அப்படி ஒருவர் ஏறியதே தெரியவில்லை. கரையில் பையோடு நின்ற மனைவி, கதவை எந்தக் கிழமையில் மாட்டலாம் என்று ஆசாரியிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். கூட்டம் சிரித்தது.

ஆனால் ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளை டிராக்டரில் திருப்பி ஏற்ற மனசு வரவில்லை. தண்ணீரை இறைத்துக் கொட்டினேன். கயிற்றைத் துடைத்தேன். நீயே முன்னால் உட்கார் என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் ஆசாரியைவிட இரண்டு மடங்கு. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போதும் எழுத்தில்தான் சொல்கிறேன்.

"முழுகினா?"

"நான்தான் முதல்ல கத்துவேன். உனக்கு நேரம் இருக்கும்."

ஏறினாள். மூக்கு மரியாதையாகக் கீழே வந்தது. இன்ஜின் இருமிக்கொண்டே இழுத்தது. நடு ஆற்றில் ஒரு சுழியில் படகு பக்கவாட்டில் நழுவியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் தொறந்து ஓட்டுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. எப்படித் தெரிந்ததோ. அக்கரை மணலில் படகு சொருகி நின்றது. அவள் புடவை நனையாமல் இறங்கினாள். அவள் இறங்கியதும் மூக்கு மறுபடி எழும்ப, நான் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன்.

நிபந்தனை நிறைவேறியது, படகைப் பிரிக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு சாவகாசமாகக் கேட்டாள்: "நான் முன்னால உக்காராம நீங்க திரும்பிப் போக முடியாதுல்ல?"

முடியாது என்றேன்.

"அப்ப நாலு நாள் இங்கயே இருங்க. நானும் இருந்துட்டு வரேன்."

அவள் அம்மா வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் நான் தங்கியதே கிடையாது. ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, முருங்கைக்காய்ச் சாம்பாரும் மாமனாரின் வயல் பஞ்சாயத்துமாக நாட்களைக் கடத்தினேன். மூன்றாம் நாள் கரையில் உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது: ஒரு சாக்கில் மணலை அள்ளி முன்னால் வைத்தால் போதுமே. கொள்ளிடத்தில் மணலுக்கா பஞ்சம்?

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கு ஏறும்போதே தெரியும்" என்றாள்.